ஃபைல் பெயரிலும் டேட்டாபேஸிலும் எந்த மொழி எழுத்தும் உடையாமல் வைப்பது எப்படி?

உங்கள் லேப்டாப்பில் நன்றாக ஓடிய அப்ளிகேஷனை சர்வரில் ஏற்றுகிறீர்கள். மறுநாளே ஒரு பயனர் தமிழிலோ கொரிய மொழியிலோ பெயர் வைத்த ஃபைலை அனுப்ப, பட்டியலில் அது கேள்விக்குறி வரிசையாக நிற்கிறது. புரோகிராமிங் தொடங்கிய எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இது நடக்கும். மந்திரம் எதுவும் இல்லை. எந்த இடத்தில் எந்தக் கணக்கு தப்பியது என்று பார்க்கத் தெரிந்தால் போதும். உதாரணங்களுக்குப் பெரும்பாலும் பைத்தான் நிரல்மொழியையும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸையும் எடுத்துக்கொள்கிறேன். மற்ற மொழிகளிலும் வழி இதுதான்.

தொடங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு. யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் கொடுக்கிறது. அந்த எண்ணை வட்டில் பைட்டுகளாக எழுதும் முறைதான் என்கோடிங். 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யுடிஎஃப்-8 தான் இன்று எங்கும் புழங்குவது. அதில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் தலைக்குறி போட்ட எழுத்துகளுக்கு 2, தமிழுக்கு 3, பெரும்பாலான எமோஜிக்கு 4. 'தமிழ்' என்ற சொல் நம் கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடுக்கு அது 5 குறி: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. வட்டில் 15 பைட். இந்த 3, 5, 15 மூன்றையும் மறக்காதீர்கள். கீழே வரும் சிக்கல்களில் பாதி, ஒருவர் 5 என்று எண்ணியதை இன்னொருவர் 15 என்று எண்ணுவதால் வருபவை.

படி 1: எது உடைந்தது என்று பாருங்கள்

திரையில் தெரியும் குப்பையே துப்பு கொடுக்கும். வெறும் கட்டங்கள் தெரிந்தால் தரவு நலமாக இருக்கிறது, எழுத்துரு மட்டும் இல்லை. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ' ஒன்றும் பக்கத்தில் ® குறியும் திரும்பத் திரும்ப வந்தால், யுடிஎஃப்-8 தமிழை யாரோ விண்டோஸ்-1252 என்ற பழைய ஒரு பைட் என்கோடிங் என்று நினைத்துப் படிக்கிறார்கள். தமிழ் எழுத்துகளின் முதல் பைட் 224. இரண்டாவது 174 அல்லது 175. விண்டோஸ்-1252 பட்டியலில் 224 அந்த சாய்கோட்டு 'ஏ', 174 அந்த ®. இதைச் சரிசெய்துவிடலாம், பைட்டுகள் அப்படியே இருக்கின்றன.

கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால் நிலைமை கொஞ்சம் மோசம். படித்த நிரல் 'எனக்குப் புரியவில்லை' என்று கைவிரித்த அடையாளம் அது. அதை அப்படியே சேமித்துவிட்டால் மூலம் போய்விட்டது. வெறும் கேள்விக்குறிகளே டேட்டாபேஸில் இருந்தால் பேக்கப்பைத் தேடுங்கள், வேறு வழி கிடையாது.

படி 2: வாசலில் என்கோடிங்கைச் சொல்லிவிடுங்கள்

ஃபைலைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள். சொல்லாமல் விட்டால் பல மொழிகள் அந்தக் கணினியின் அமைப்பைப் பார்த்துத் தாமே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். லினக்ஸில் ஓடியது விண்டோஸில் உடைவது இதனால்தான். ஜாவாவில் யுடிஎஃப்-8 இயல்புநிலையானதே 2022-இல் வந்த 18-ஆம் பதிப்பில்தான்.

சிஎஸ்வி ஃபைலில் மட்டும் ஒரு வில்லங்கம் உண்டு. எக்ஸெல் அதை யுடிஎஃப்-8 என்று அடையாளம் காண, தொடக்கத்தில் 'பாம்' என்ற கண்ணுக்குத் தெரியாத குறி தேவைப்படும். அதே ஃபைலை உங்கள் நிரல் திரும்பப் படிக்கும்போது அந்தக் குறி முதல் நெடுவரிசையின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். 'பெயர்' என்ற நெடுவரிசை கண்முன்னே இருக்க, இல்லை என்று எர்ரர் வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகியுங்கள். பைத்தானில் என்கோடிங்கை 'யுடிஎஃப்-8-சிக்' என்று கொடுத்துப் படித்தால் குறி தானாக நீங்கும்.

படி 3: ஒரே தோற்றம், இரண்டு பைட் வரிசை

'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறி என்ற ஒரே குறியைப் போடலாம். அல்லது ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டு குறிகளைப் போடலாம். திரையில் வித்தியாசம் துளியும் தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்கும் நிரலுக்கோ அவை வேறு வேறு சொற்கள். பிரெஞ்சு, வியட்நாமிய எழுத்துகளிலும் கொரிய எழுத்துகளிலும் இதே கதைதான்.

தீர்வு, உள்ளே வரும் எல்லாப் பெயரையும், பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றுவது. பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ், ஜாவாஸ்கிரிப்டில் சரத்தின் நார்மலைஸ் என எல்லா மொழியிலும் இதற்கு ஒரு வரி உண்டு. சேமிக்கும்போது செய்தால் மட்டும் போதாது, தேடலில் பயனர் தட்டும் சொல்லுக்கும் செய்யுங்கள். என்எஃப்கேசி என்ற வடிவத்தைச் சேமிப்புக்குப் பயன்படுத்தாதீர்கள். அது மேலே சிறிதாக எழுதிய 2-ஐச் சாதாரண 2 ஆக்கிவிடும்.

என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. 'கௌ' எழுத வேண்டிய இடத்தில் 'கெ' தட்டி அடுத்து 'ள' தட்டுபவர்கள் ஏராளம். அது தோற்றத்தில் மட்டும்தான் ஒன்று, யூனிகோடு கணக்கில் வேறு சொல். 'ஸ்ரீ' என்பதற்கும் ஸ-வில் தொடங்கும் வடிவம், ஶ-வில் தொடங்கும் வடிவம் என இரண்டு உண்டு. தேடல் முக்கியமான அப்ளிகேஷன் என்றால் இவற்றுக்குத் தனி விதி எழுதத்தான் வேண்டும்.

படி 4: பயனரின் ஃபைல் பெயரை வட்டில் எழுதாதீர்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பயனர் வைத்த பெயர் ஒரு தகவல். ஃபைல் இருக்கும் முகவரி அல்ல. வட்டில் யுயுஐடி போன்ற ஓர் அடையாள எண்ணைப் பெயராக வையுங்கள். பயனர் கொடுத்த பெயர் டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசையில் இருக்கட்டும். பெயர் என்ன மொழியில் இருந்தாலும் வட்டுக்குத் தெரியவே வேண்டாம்.

ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், ஃபைல் சிஸ்டம்கள் தங்களுக்குள் ஒத்துப்போவதில்லை. லினக்ஸின் எக்ஸ்ட்4 ஒரு பெயருக்கு 255 பைட் தரும். தமிழில் 85 குறி. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 255 என்பதை யுடிஎஃப்-16 என்ற இன்னொரு என்கோடிங்கின் இரண்டு பைட் அலகில் எண்ணுகிறது. அங்கே அதே 255-இல் 255 தமிழ்க் குறி அடங்கும். விண்டோஸில் நிம்மதியாக இருந்த நீளமான தமிழ்ப் பெயர் லினக்ஸ் சர்வரில் ஏற மறுப்பது இதனால். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்த வடிவத்தில் வைத்தது. அதற்குப் பின் வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்த வடிவத்தை அப்படியே காத்தாலும் இரண்டு 'கொ'வையும் ஒரே பெயராகத்தான் பார்க்கும். வழக்கமான எக்ஸ்ட்4-இல் அவை இரண்டு தனி ஃபைல்கள். இரண்டும் இருக்கும் ஃபோல்டரை மேக்குக்கு நகலெடுத்தால் அங்கே ஒன்றுக்குத்தான் இடம்.

'பாதுகாப்பான பெயர்' தருவதாகச் சொல்லும் சில நூலகச் செயல்பாடுகள் ஆங்கிலம் அல்லாத எல்லாவற்றையும் வழித்து எறிந்துவிடும். தமிழ்ப் பெயர் கொண்ட பிடிஎஃப் ஃபைல் உள்ளே போனால் வெறும் 'பிடிஎஃப்' வெளியே வரும். அடுத்த தமிழ்ப் பெயரும் 'பிடிஎஃப்'. இரண்டாவது முதலாவதை அழித்துவிட்டு உட்காரும். பெயரை ஆங்கில எழுத்துக்கு ஒலிபெயர்த்துவிடலாமே என்றும் சிலர் கேட்பார்கள். செய்யாதீர்கள், பயனர் தன் ஃபைலைத் தேடி அலைவார்.

பதிவிறக்கத்தின்போது அசல் பெயரைத் திரும்பக் கொடுக்க, சர்வர் ஃபைலோடு அனுப்பும் கன்டென்ட்-டிஸ்பொசிஷன் ஹெடரில் நட்சத்திரக் குறியோடு வரும் ஃபைல்நேம் அளவுருவைப் பயன்படுத்துங்கள். 2011-இன் இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 6266 அதை விளக்குகிறது. ஜிப் ஆக்கிக் கொடுப்பதானால், பெயர் யுடிஎஃப்-8 என்று சொல்லும் கொடி ஒன்று ஜிப் வடிவத்தில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் திறக்கும் மென்பொருள் பெயரை ஐபிஎம் 437 என்ற பழைய பட்டியலில் படிக்கலாம். பைத்தானின் ஜிப்ஃபைல் இந்தக் கொடியைத் தானே போட்டுவிடும்.

படி 5: டேட்டாபேஸ்

மைஎஸ்கியூஎல்லில் 'யுடிஎஃப்8' என்ற பெயரை நம்பாதீர்கள். பல ஆண்டுகளாக அது குறிக்கு 3 பைட்டுக்கு மேல் ஏற்காத அரைகுறை வடிவத்தின் பெயர். முழுமையானது 'யுடிஎஃப்8எம்பி4', 5.5.3 பதிப்பில் வந்தது, 8.0-இல்தான் இயல்புநிலை ஆனது. தமிழில் சோதிப்பவர்களுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. தமிழ் எழுத்து சரியாக 3 பைட் என்பதால் உங்கள் சோதனை எல்லாம் தேறிவிடும். முதல் எமோஜி வரும் நாளில் எர்ரர் வரும். தவறான தரவை மறுக்கும் ஸ்டிரிக்ட் மோட் அணைந்திருந்தால் எர்ரரும் வராது, எமோஜியிலிருந்து மீதி வாக்கியம் காணாமல் போகும். தமிழிலேயே 4 பைட் குறிகளும் உண்டு: 2019-இல் யூனிகோடு 12.0-இல் சேர்ந்த பழைய பின்னக் குறிகள்.

டேபிளை மாற்றினால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். டேபிள் ஒன்று, உங்கள் நிரல் டேட்டாபேஸோடு பேசும் கனெக்‌ஷன் ஒன்று. இரண்டும் யுடிஎஃப்8எம்பி4 ஆக இருக்க வேண்டும். கனெக்‌ஷன் லத்தீன்1 என்ற பழைய ஒரு பைட் என்கோடிங்காக இருந்தால், டேட்டாபேஸ் உங்கள் 15 பைட்டையும் 15 தனி எழுத்தாக எண்ணி, ஒவ்வொன்றையும் மறுபடி யுடிஎஃப்-8 ஆக்கும். வேடிக்கை என்னவென்றால், அதே தவறான கனெக்‌ஷன் வழியாகப் படித்தால் தமிழ் ஒழுங்காகத் தெரியும்! மாதக்கணக்கில் யாருக்கும் சந்தேகம் வராது. யாராவது கனெக்‌ஷனைத் திருத்திய அன்று பழைய தரவு முழுவதும் குப்பையாகத் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க 'தமிழ்' என்று சேமித்து, எழுத்து எண்ணிக்கையையும் பைட் எண்ணிக்கையையும் டேட்டாபேஸிடமே கேளுங்கள். 5, 15 என்று வந்தால் சரி. 15, 30 என்று வந்தால் இரட்டை என்கோடிங். திருத்துவதை முதலில் நகல் டேபிளில் செய்து பாருங்கள். பாதி வரிசைகள் சரியாகவும் பாதி தவறாகவும் கலந்திருப்பது சாதாரணம்.

மற்றவை சுருக்கமாக. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸை யுடிஎஃப்8 என்று உருவாக்கினால் பெரும்பாலும் தொல்லை இல்லை; 13-ஆம் பதிப்பிலிருந்து நார்மலைஸ் உள்ளேயே இருக்கிறது. எஸ்கியூஎல் சர்வரில் யூனிகோடு ஏற்கும் என்வார்கார் வகை நெடுவரிசை வைத்து, மேற்கோளுக்கு முன்னால் 'என்' எழுத்தையும் போடுங்கள், விட்டால் கேள்விக்குறிதான். ஆரக்கிளில் வார்கார்2 வகை நெடுவரிசையின் நீளம் இயல்பாக பைட்டில் எண்ணப்படும்: 50 என்று கொடுத்தால் தமிழுக்கு 16 குறிதான்.

படி 6: வெட்டும்போதும் வடிகட்டும்போதும்

'தமிழ்' என்பதை 4 குறியோடு நறுக்கினால் புள்ளி விழுந்து 'தமிழ' ஆகும். பைட்டில் நறுக்கினால் அந்த வைரக் கேள்விக்குறி வரும். நறுக்க வேண்டுமானால் கிராஃபீம், அதாவது கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் குறிக் கூட்டு, அதன் எல்லையில் நறுக்குங்கள்: ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல் செக்மென்டர், பைத்தானில் தனியாக நிறுவும் ரீஜெக்ஸ் நூலகம்.

பைத்தானோடு வரும், எழுத்து வடிவங்களைத் தேடும் ரீ மாட்யூலில் 'சொல் எழுத்து' என்ற வகைக்குள் கொக்கி, கொம்பு, புள்ளி எதுவும் சேராது. அந்த வகை தவிர மற்றதை நீக்கு என்று எழுதினால் 'தமிழ்' என்பது 'தமழ' ஆகிவிடும். யூனிகோடின் எழுத்து வகையோடு சேர்குறி வகையையும் அனுமதியுங்கள்.

படி 7: சோதனைக்கு ஒரு பெயர்ப் பட்டியல்

'தமிழ்', இரண்டு வித 'கொ', ஒரு கொரியப் பெயர், வலமிருந்து இடமாகப் போகும் ஓர் அரபுப் பெயர், துருக்கியின் புள்ளியில்லாத 'ஐ', குடும்ப எமோஜி ஒன்று, 85 குறிக்கு மேல் நீண்ட தமிழ்ப் பெயர் ஒன்று. இவற்றை ஏற்றி, தேடி, பதிவிறக்கி, ஜிப் ஆக்கி, டேட்டாபேஸ் பேக்கப் எடுத்து வேறொரு சர்வரில் மீட்டுப் பாருங்கள். கடைசியில் கண்ணால் ஒப்பிடாதீர்கள். என்எஃப்சி ஆக்கிய மூலப் பெயரின் பைட்டுகளும் திரும்பி வந்த பெயரின் பைட்டுகளும் ஒன்றா என்று நிரலிடம் கேளுங்கள்.