கூரைப் பாலத்தைக் கெடுக்கும் நல்லெண்ணத் தவறுகள்

மரப்பாலத்துக்குக் கூரை எதற்கு? பனி விழாமல் இருக்க, ஆற்றைப் பார்த்துக் குதிரை மிரளாமல் இருக்க என்று பலரும் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்து நியூ இங்கிலாந்தில் (அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி) சறுக்குவண்டிகள் போவதற்காகப் பாலத்துக்குள் பனியை அள்ளிக் கொட்டவே ஆள் வைத்திருந்தார்கள். கூரை காப்பது மனிதரையோ குதிரையையோ அல்ல. இரு பக்கமும் நின்று பாரம் சுமக்கும் டிரஸ் என்ற மரச்சட்டகத்தை. 1805-இல் ஃபிலடெல்ஃபியாவில் திமோத்தி பாமர் கட்டிய பாலத்துக்குக் கூரை போட்டதும் அதற்காகத்தான்.

இதை மறந்தவர்கள் கூரையை மாற்றி, பக்கப் பலகைக்குச் சாயம் பூசியதும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள். டிரஸின் அடிப்பக்க உத்திரம், பாலத்தின் முனையைக் கரையில் தாங்கும் கரைச்சுவரில் உட்காரும் இடத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. சக்கரங்கள் இழுத்துவரும் மண்ணும் சருகும் அங்கேதான் குவியும். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மக்கவைக்கும் பூஞ்சை வளராது. அதைத் தாண்டி அப்படியே நீடித்தால், வெளியே திடமாகத் தெரியும் உத்திரம் உள்ளே இற்றுக்கொண்டிருக்கும். கூர்மையான கம்பியால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: நல்ல மரம் எதிர்க்கும், மக்கிய மரத்தில் அது வெண்ணெய்போல இறங்கும். வருடத்துக்கு இரண்டு முறை துடைப்பமும் மண்வெட்டியும் எடுத்துப் போனாலே பாதி ஆபத்து குறையும்.

சாரல் வருகிறதே என்று இடுக்கையெல்லாம் தகரமும் பிளாஸ்டிக்கும் வைத்து அடைப்பதும் தப்பு. நனைந்த மரம் காற்று பட்டால் காய்ந்துவிடும். அடைத்தால் காயாது.

அடுத்தது இரும்பு மோகம். இதியேல் டவுன் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1820-இல் காப்புரிமை பெற்ற டிரஸ், பலகைகளைப் பாய் முடைந்ததுபோல் குறுக்காகக் கோத்து மர ஆணிகளால் இறுக்கியது. நியூ ஹாம்ப்ஷயரையும் வெர்மான்ட்டையும் இணைக்கும் கார்னிஷ்-வின்ட்சர் பாலம் (1866, சுமார் 137 மீட்டர்) இந்த வகைதான். தேய்ந்த மர ஆணியைப் பிடுங்கி மெல்லிய போல்ட் போட்டால், பாரம் சிறிய இடத்தில் குவிந்து சுற்றியுள்ள மரத்தை நசுக்கும். அடியில் எஃகு உத்திரம் நுழைத்துவிட்டால், மரச்சட்டகம் வெறும் அலங்காரம். லாரிகளை அனுமதித்தே ஆகவேண்டும் என்றால் அதற்கும் நியாயம் இருக்கலாம். ஆனால் அதைப் பழுதுபார்ப்பு என்று சொல்லாதீர்கள்.

தீயைப் பற்றிப் பேசாமல் விடுவதும் நடக்கிறது. சுவிட்சர்லாந்தின் லுசெர்ன் நகரத்துக் கப்பெல் பாலத்தின் பெரும்பகுதி 1993 ஆகஸ்டில் ஒரே இரவில் எரிந்தது. 17-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் பலவும் போயின. அடுத்த ஏப்ரலில் பாலம் திரும்ப எழுந்தது, ஓவியங்கள் எழவில்லை.

கடைசியாக, மரத்தையே பார்த்துக்கொண்டு ஆற்றைப் பார்க்காமல் இருப்பது. வெள்ளம் கரைச்சுவரின் அடிமண்ணை அரித்துவிட்டால், மேலே எத்தனை நல்ல மரம் இருந்தும் பயனில்லை. நீர்மட்டம் உத்திரத்தைத் தொட்டாலோ, மிதந்துவரும் மரங்களே இடித்துத் தள்ளிவிடும். நியூயார்க் மாநிலத்தின் பழைய பிளென்ஹைம் பாலம் 1855-இல் கட்டப்பட்டது. இடையில் தூணே இல்லாமல் 64 மீட்டர் தாண்டியது. 2011 ஆகஸ்டில் ஐரீன் புயல் வெள்ளம் அதை முழுதாக அடித்துக்கொண்டு போனது. அதே அமைப்பில் மீண்டும் கட்டியவர்கள், இந்த முறை அதை ஆற்றுக்கு இன்னும் உயரே தூக்கி வைத்தார்கள்.