நிழலைச் சோலை என்று வரைந்த கதை

நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்கா 78 சதுர கிலோமீட்டர்தான். விமானத்திலிருந்து எடுத்த வான்படங்களை விரித்து மளமளவென்று தாவர வரைபடத்தை முடித்துவிட்டேன். களத்துக்குப் போனால், சோலை (இயற்கையாக வளர்ந்த அடர்ந்த மலைக்காடு) என்று நான் பச்சையடித்த சரிவில் வெறும் புல். இன்னொன்றில் சீகை மரங்கள், அதாவது வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில்!

நிறத்தை நம்பியதுதான் தப்பு. படங்கள் காலை வெயிலில் எடுத்தவை. மேற்குச் சரிவெல்லாம் நிழலில் கறுத்துக் கிடந்தது. 60 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் ஜோடிப் படங்களை ஸ்டீரியோஸ்கோப்பில் (இரு படங்களைச் சேர்த்து மேடு பள்ளத்தோடு காட்டும் கருவி) வைத்தேன். நிழல் தரையோடு ஒட்டிக்கொண்டது, மரம் மட்டும் எழுந்து நின்றது.

சீகைதான் ரொம்பப் படுத்தியது. நிறத்தை விட்டுவிட்டு மர உச்சிகளைப் பார்க்கப் பழகினேன். சோலை, மலை மடிப்புகளில் காலிஃபிளவர் மாதிரி புடைத்திருக்கும். ஓரம் கத்தியால் நறுக்கியதுபோல் முடியும். சீகைக்கு ஏறக்குறைய ஒரே உயரம், உப்புத்தாள் போன்ற பரப்பு. ஓரத்தில் புல்லுக்குள் புள்ளி புள்ளியாகச் சிதறும். சந்தேகமான இடங்களுக்கு மட்டும் ஜிபிஎஸ்ஸோடு நடந்தேன். அதிலும் மூன்று நாளை மூடுபனி விழுங்கிவிட்டது.

சோலை ஓரத்திலேயே நெருக்கியடித்து வளர்ந்த சீகையை இன்னமும் என்னால் பிரிக்க முடியவில்லை. அங்கே 'கலப்பு' என்று தனி நிறம் கொடுத்துவிடுகிறேன்.