பேரரசு அராமிய எண்களை யூனிகோடில் உள்ளிடும் முறை

எகிப்தின் எலிபண்டைன் தீவில் கிடைத்த கி.மு. 5-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஏடுகள் போன்ற அராமிய (பண்டைய மேற்காசியச் செமித்திய மொழி) ஆவணங்களைக் கணினியில் படியெடுப்பவருக்கு, எழுத்துகளைக் காட்டிலும் எண்களே அதிகத் தடுமாற்றம் தருகின்றன.

உலக எழுத்துகளுக்கெல்லாம் குறியெண் வழங்கும் தரமான யூனிகோடின் 5.2 பதிப்பு 2009-இல் வெளிவந்தது. அது, பாரசீகப் பேரரசின் காலத்துப் பேரரசு அராமியம் என்னும் இந்த எழுத்துமுறைக்குத் தனிப் பகுதி ஒதுக்கியது. அப்பகுதியின் கடைசி எட்டு இடங்கள் எண்களுக்குரியவை. அவற்றின் குறியெண்களைப் பதின்ம முறையில் சொன்னால், 67672 முதல் 67674 வரை முறையே 1, 2, 3, 67675 பத்து, 67676 இருபது, 67677 நூறு, 67678 ஆயிரம், 67679 பத்தாயிரம். சுழியம் கிடையாது, 4 முதல் 9 வரை தனிக்குறிகளும் கிடையா. சிரியாவின் பண்டைய நகரான பல்மீராவின் எழுத்துப் பகுதியில் 4, 5 ஆகியவற்றுக்குக் குறிகள் உள்ளனவே என்று அங்கிருந்து இரவல் வாங்கக் கூடாது. அது வேறொரு எழுத்துமுறை.

345 என்பதை எடுத்துக்கொள்வோம். முதலில் 3, அடுத்து நூறு, பிறகு இரண்டு இருபதுகள், இறுதியில் 3, 2 என்று ஆறு குறிகளை இட வேண்டும். நூறுக்கு முன் நிற்கும் 3 பெருக்கப்படுகிறது, பின்வருபவை கூட்டப்படுகின்றன. நம் பழைய தமிழெண்களில் ௩௱௪௰௫ என்று எழுதும்போது பத்தும் பெருக்கத்தில் வருவதையும், அராமியத்தில் நாற்பது கூட்டலால் அமைவதையும் ஒப்பிட்டால் வேறுபாடு எளிதில் பிடிபடும். வலைப்பக்கத்தில் இதையே 𐡚𐡝𐡜𐡜𐡚𐡙 என இடலாம்.

ஐந்துக்கு 3, 2 என்று இடாமல் ஒன்றின் குறியை ஐந்து முறை தட்டுவதே நான் அதிகம் காணும் பிழை. திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். ஆனால் இக்குறிகளுக்கிடையே யூனிகோட் எந்தச் சமன்பாட்டையும் வரையறுக்கவில்லை என்பதால், இயல்பாக்கம் (சமமான குறித்தொடர்களை ஒரே வடிவாக்குதல்) செய்தாலும் அவை ஒன்றாகா, தேடலிலும் அகப்படா.

திசையைப் பற்றிக் கவலை வேண்டாம். இக்குறிகள் வலமிருந்து இடமாக ஓடும் பண்புடையவை என்பதால், பெரிய மதிப்பில் தொடங்கிப் படிக்கும் வரிசையிலேயே உள்ளிட வேண்டும்; திரையில் சரியாகத் தெரிய வேண்டுமென்று தலைகீழாக இட்டால் தரவு கெட்டுவிடும்.

இவை பதின்ம இலக்கங்களாக வகைப்படுத்தப்படாததால், பைத்தான் நிரல்மொழியின் வழக்கமான முழுவெண் மாற்றம் இவற்றை ஏற்காது. ஒவ்வொரு குறியின் எண்மதிப்பையும் தனியே பெற்று, மேற்சொன்ன பெருக்கல், கூட்டல் விதிகளை நாமே நிரலாக எழுத வேண்டும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளமாயின் யூடிஎஃப்8எம்பி4 குறிமுறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏனெனில் ஒவ்வொரு குறிக்கும் நான்கு பைட்டுகள் தேவை.