சர்ரே குன்றுகளில் கூட்டாக சைக்கிள்: இலையுதிர் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனிலிருந்து ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சர்ரே மாவட்டத்து டார்க்கிங் ஊர். அங்கிருந்து தெற்கே 294 மீட்டர் உயர லீத் ஹில். வடக்கே பாக்ஸ் ஹில், 2012 ஒலிம்பிக்கின் ஆண்கள் சாலைப் பந்தயம் ஒன்பது முறை சுற்றிவந்த குன்று. அக்டோபரில் பீச் (beech) மரங்கள் செம்பு நிறமாகும்போது ஏழெட்டுப் பேர் பேசிக்கொண்டே இங்கே மிதிப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னச் சின்னக் கவனக்குறைவால் பாழாவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

முதலில், ஏற்றத்தின் உச்சியில் காத்திருக்கும் விதம். ஏற்றத்தில் அவரவர் வேகத்தில் போவது சரிதான். முட்டிக்கும் மூச்சுக்கும் அதுதான் நல்லது. முன்னால் ஏறியவர்கள் பத்து நிமிடம் நின்று, தண்ணீர் குடித்து, படம் எடுத்திருப்பார்கள். கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், "சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்" என்பார்கள். யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. இரண்டு ஏற்றம் இப்படிப் போனால் மூன்றாவதில் அவர் பேச்சைக் குறைத்துவிடுவார். அடுத்த மாதம் அழைத்தால் "வேலை இருக்கு" என்பார். கடைசி ஆள் வந்த பிறகுதான் ஓய்வு தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பலாம் என்பதை அவரே சொல்லட்டும். வழி பிரியும் இடங்களிலும் அவர் கண்ணில் படும்வரை ஒருவர் நிற்க வேண்டும்.

வெட்டவெளியில் நிற்காமல் மரமோ சுவரோ காற்றைத் தடுக்கும் இடமாகப் பாருங்கள். ஏறும்போது வியர்த்த உடம்பு நின்றதும் சில்லிட்டுவிடும். காற்றுத்தடுப்பு ஜாக்கெட்டை இறங்கத் தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். இறக்கத்தில் விரல்கள் மரத்துப்போனால் பிரேக்கை அழுத்தவே கஷ்டம்.

இறக்கத்தில் நான் அதிகம் பயப்படுவது இலைகளுக்கு. இந்தப் பக்கத்துப் பழைய சாலைகள் பல, நூற்றாண்டுகளாக வண்டிகளும் மழைநீரும் அரித்து மணற்பாறைக்குள் இறங்கிப்போனவை. இரு பக்கமும் உயர்ந்த மண்சுவர், மேலே கூரைபோல மரக்கிளைகள். வெயில் சரியாக விழாததால் மழை விட்ட மறுநாளும் தரை ஈரமாகவே கிடக்கும். இலைக்கு அடியில் குழி இருக்கிறதா, வழுக்கும் இரும்பு மூடி இருக்கிறதா என்று தெரியாது. வளைவுக்குள் போய் பிரேக் பிடிப்பதுதான் இங்கே விழுவதற்கு வழக்கமான காரணம். வேகத்தை நேர்ச்சாலையிலேயே குறைத்துவிடுங்கள். முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டியும் போகாதீர்கள். அவர் சறுக்கினால் பின்னால் வருகிறவரும் சேர்ந்து விழுவார்.

அப்புறம் முள். பறவைகள் கூடுகட்டும் காலம் என்பதால் இங்கிலாந்தின் விவசாய நிலங்களில் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை உயிர்வேலிகளை வெட்டப் பொதுவாக அனுமதியில்லை. செப்டம்பரில் இருந்து டிராக்டர்கள் வெட்டித் தள்ளும் ஹாதார்ன் முட்கள் சாலையெங்கும் சிதறிக் கிடக்கும். பங்சர் ஆனதும் அவசரமாகப் புது டியூப் போடுவதுதான் தவறு. முள் டயருக்குள்ளேயே இருக்கும். காற்றடித்து ஐந்து நிமிடத்தில் மறுபடியும் இறங்கிவிடும். டயரின் உள்பக்கம் முழுக்க விரலால் மெதுவாகத் தடவி, முள்ளைப் பிடுங்கிய பிறகு போடுங்கள். ஆளுக்கு இரண்டு டியூப் வேண்டும்.

மட்கார்டு இல்லாமல் வருவது உங்களைவிடப் பின்னால் வருபவரைத்தான் படுத்தும். சாணியும் சேறும் கலந்த தண்ணீர் நேராக அவர் முகத்தில் அடிக்கும். இந்தப் பருவத்தில் பின் மட்கார்டு கட்டாயம் என்று குழுவில் முன்பே சொல்லிவிடலாம்.

சர்ரேயில் குதிரைகளும் அதிகம். சத்தமில்லாமல் பின்னால் போய் நின்றால் மிரண்டுவிடும். தூரத்திலிருந்தே குரல் கொடுத்து, மெதுவாக, அகலமாக விலகி வலப்பக்கமாகக் கடந்துபோங்கள். இடப்பக்கமாகக் கடக்கக் கூடாது என்று பிரிட்டனின் சாலை விதிநூலான ஹைவே கோடும் (Highway Code) சொல்கிறது. இருவர் இருவராகப் போக அந்த விதிநூல் அனுமதித்தாலும், குறுகலான சந்துகளில் பின்னால் கார் வந்தால் குரல் கொடுத்து ஒற்றை வரிசைக்கு மாறி வழிவிடுங்கள்.

கஃபேயில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடுவதும் வேண்டாம். உடம்பு ஆறிவிட்டால் அடுத்த ஏற்றம் இரட்டிப்பாகத் தெரியும். வழியில் மென்றுகொள்ள என் பையில் எப்போதும் கடலை மிட்டாய் இருக்கும். குளிரில் கைகொடுப்பது அதுதான்.

கடிகாரத்தையும் மறக்காதீர்கள். அக்டோபரின் கடைசி ஞாயிறன்று நேரம் ஒரு மணி பின்னால் போகிறது. முந்தைய வாரம் மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பு மறைந்த சூரியன், அன்று 4:40 வாக்கிலேயே மறைந்துவிடும். பொழுது சாய்ந்தபின் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் சட்டப்படி வேண்டும். தாழ்ந்த வெயில் ஓட்டுநர்களின் கண்ணைக் கூசவைக்கும் என்பதால் பகலிலும் எரியவிடுவது நல்லது. மூன்றரைக்குள் பாக்ஸ் ஹில் அடிவாரம் வந்து சேரவில்லை என்றால், ஏறாமல் எல்லாரும் சேர்ந்தே டார்க்கிங் ஸ்டேஷனுக்குத் திரும்பிவிடுங்கள்.