ஏற்காடு பஸ்ல முன் சீட்டு, அந்தமான் போட்ல பின் சீட்டு: ஒரே நாள்ல ரெண்டு தீவு சுத்தறது எப்படி?

ஏற்காடு மலை ஏறும்போது மூணாவது கொண்டை ஊசி வளைவுலயே வாந்தி எடுக்க கவர் தேடற ஆளுங்க நானு. மொத்தம் 20 வளைவு இருக்கு, மிச்சத்த நீங்களே நினைச்சுக்கங்க. அப்படிப்பட்டவன் போன ஜனவரியில அந்தமான் போயி ராஸ், நார்த் பேன்னு ரெண்டு தீவு போட்ல சுத்துனேன் (நார்த் பே நிஜத்துல தெற்கு அந்தமானோட கரைதான், தீவுன்னு சொல்லிப் பழகிட்டாங்க). முத நாள் மானம் போச்சு. பாப்பா நார்த் பேல தண்ணியிலயே இறங்கலன்னு அழுததால மூணு நாள் கழிச்சு மறுபடியும் போனோம், அன்னைக்கு ஒண்ணுமே ஆகல. நடுவுல என்ன மாத்துனேங்கறதுதான் இந்தப் பதிவு. சென்னைக்கு ட்ரெயின், அங்கிருந்து ஃப்ளைட், ரூம் இதெல்லாம் நீங்களே போட்டுக்குவீங்க.

ஸ்டெப் 1: டிக்கெட்

போர்ட் பிளேர்ல (2024ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க, ஆட்டோக்காரங்க இன்னும் பழைய பேர்தான் சொல்றாங்க) அபர்தீன் ஜெட்டிக்குப் (படகுத்துறை) போங்க. ராஸ் தீவும் நார்த் பேயும் சேத்து ஒரே டிக்கெட்டா கேளுங்க. வாங்கறதுக்கு முன்னாடி தீவுக்குள்ள நுழையற காசு இதுல சேந்ததா, தனியான்னு கேட்டுக்கங்க. ஸ்நார்கெலிங் (மாஸ்க் போட்டுட்டு தண்ணிக்குள்ள பாக்கறது), அடியில கண்ணாடி வெச்ச போட் எல்லாம் எப்படியும் தனிதான். ஆதார் ஒரிஜினல் கையில இருக்கட்டும், பணம் நோட்டாவும் கொஞ்சம் வைங்க, தீவுல சிக்னல் போச்சுன்னா ஜிபே வேலைக்கு ஆகாது.

ஏறுன உடனே போட் பேரை ஒரு ஃபோட்டோ எடுத்துருங்க. திரும்பி அதே போட்லதான் வரணும், ஜெட்டியில நிக்கற பத்து போட்டும் பாக்க அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும்.

ஸ்டெப் 2: எங்க உக்கார்றது (நான் கவுந்த இடம்)

போட்ல இருந்த பையன் ராம்நாடு பக்கம். "அண்ணே, முன்னாடி மூக்குல உக்காராதீங்க, தூக்கிப் போடும், பின்னாடி வாங்க"ன்னு ஏறும்போதே சொன்னான். நான் பெரிய இவனாட்டம் "தம்பி, நாங்க ஏற்காடு பஸ்லயே முன் சீட்டுலதான் போவோம்"னு சொல்லிட்டு முன்னாடியே உக்காந்தேன்.

பஸ்ல முன் சீட்டு நல்லது, ஏன்னா வளைவு வர்றது கண்ணுக்கு முன்னாடியே தெரியும், உடம்பு தயாராயிரும், கடைசி சீட்டுல உக்காந்தாதான் தூக்கித் தூக்கிப் போடும். போட்ல அது அப்படியே தலைகீழு. அலை வந்தா முன்பக்கம்தான் மேல ஏறி தொப்புன்னு விழும், நடுவுலயும் அதுக்குக் கொஞ்சம் பின்னாடியும் ஆட்டம் கம்மி. ஒரேடியா கடைசிக்கும் போயிறாதீங்க, டீசல் புகை மூஞ்சியில அடிக்கும், அதுக்கே குமட்டும். நடுவுல இருந்து ரெண்டு வரிசை பின்னாடி, காத்து வர்ற ஓரம், இதுதான் என் இடம்.

ராஸ் வரைக்கும் கிட்டத்துலதான், தெரியல. ராஸ்ல இருந்து நார்த் பே போறப்ப அலை பெருசாச்சு, நான் குனிஞ்சு மொபைல்ல ராஸ்ல எடுத்த மான் ஃபோட்டோ பாத்துட்டிருந்தேன், வயித்துல ஊர்ல இருந்து கொண்டுபோன தட்டுவடை வேற. நகைக்கடை கட்டப்பை ஒண்ணு இருந்ததால தப்பிச்சேன். கண்ணு 'ஆடல'ங்குது, காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் சமாச்சாரம் 'ஆடுது'ங்குது, அந்தக் குழப்பந்தான் குமட்டலாம். அதனால மொபைலை உள்ள வெச்சிட்டு தூரத்துல வானமும் கடலும் சேர்ற கோட்டையே பாருங்க.

மாத்திரை: நான் அவோமினை ஜெட்டியில நின்னு முழுங்கினேன், அது வேலை செய்யறதுக்குள்ள என் வேலை முடிஞ்சிருச்சு. கிளம்பறதுக்கு ஒரு மணி நேரமாவது முன்னாடி போடணும். தூக்கம் வரும், அது வேற. கர்ப்பமா இருக்கறவங்க, தினசரி மாத்திரை சாப்பிடறவங்க, குழந்தைங்களுக்கு டாக்டரைக் கேக்காம வேண்டாம். வெறும் வயிறும் ஆகாது, ரெண்டு இட்லி போதும். எலுமிச்சம்பழம், இஞ்சி மரப்பா எனக்குப் பிடிக்கும், ஆனா சீட்டு மாத்துனதுதான் நிஜமா காப்பாத்துச்சு.

ஸ்டெப் 3: காலையிலயே கிளம்புங்க

நம்ம ஊர் கணக்குல சாயந்திரம் 5 மணின்னா வெயில். அங்க ஜனவரியில அஞ்சேகாலுக்கெல்லாம் சூரியன் மறையுது. சேலம் 78 டிகிரி கிழக்குல இருக்கு, போர்ட் பிளேர் கிட்டத்தட்ட 93, டிகிரிக்கு 4 நிமிஷம், ஆக ஒரு மணி நேரம் முந்தியே பொழுது சாயும், கடிகாரம் மட்டும் ஒண்ணுதான்.

ராஸ்க்கு 2018ல நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவுன்னு பேர் வெச்சாங்க. வெள்ளைக்காரன் அந்தமானை ஆண்ட தலைமையிடம், 1941ல பெரிய நிலநடுக்கம், அடுத்த வருஷம் ஜப்பான்காரன் வந்துட்டான். இப்ப சர்ச் சுவத்தை மரத்தோட வேர் கெட்டியா பிடிச்சுட்டு நிக்குது, செங்கல் எது வேர் எதுன்னே தெரியல. எனக்கு அந்த ஒரு சுவரே போதும், நார்த் பேயை விட ராஸ்தான் பிடிச்சுது.

நார்த் பேல பழைய சிவப்பு 20 ரூபா நோட்டு ஒண்ணு கொண்டுபோங்க, பின்னாடி இருக்கற லைட்ஹவுஸ் அங்கதான் இருக்கு.

எடுத்துட்டுப் போக வேண்டியது: டர்க்கி டவல் வேண்டவே வேண்டாம், ஈரமானா ஒரு கிலோ கனம். ஈரிழைத் துண்டு ரெண்டு போதும், திரும்பி வர்றதுக்குள்ள காத்துலயே காஞ்சிரும். மொபைல் வாட்டர்ப்ரூஃப் கவர் வாங்குனா வீட்டு பக்கெட்ல டிஷ்யூ பேப்பர் வெச்சு முக்கிப் பாருங்க, என்னோட முத கவர் அதுலயே ஃபெயில். ஹவாய் செருப்பு தண்ணியில போயிரும், வார் வெச்ச செருப்பு போடுங்க, பவளப்பாறை கால அறுத்துரும்.

அப்டேட்: பவளத் துண்டு பொறுக்கிட்டு வரலாமான்னு மூணு பேர் கேட்டுட்டீங்க. கூடாதுங்க, வனவிலங்கு சட்டப்படி தப்பு, ஏர்போர்ட் ஸ்கேன்ல மாட்டும்.

அப்டேட் 2: அம்மாவுக்கு முழங்கால் வலி, போட்ல ஏற முடியுமான்னு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. தண்ணி வத்தற நேரத்துல போட்டு ஜெட்டியை விட நல்லாவே கீழ இறங்கி நிக்கும், கால் எட்டாது. டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிருங்க அக்கா, ரெண்டு பசங்க கையப் பிடிச்சு இறக்கி விடுவாங்க. அம்மாவை சுடிதார் போடச் சொல்லுங்க, எங்க அத்தை புடவையோட இறங்கறதுக்குள்ள பின்னாடி க்யூவே நின்னுருச்சு.