கல்லறைத் தோட்டத்துப் புல்லை எப்போது வெட்டுவது?

இங்கிலாந்தில் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தைப் பராமரிக்கும் தன்னார்வலர் குழுவில் சேர்ந்திருக்கிறீர்களா? சரி, முதலில் புல்வெட்டும் இயந்திரத்தை ஓரமாக வையுங்கள். பூக்கள் விதை பிடிக்கும் ஜூலைக் கடைசி வரை புல் வளரட்டும். நடைபாதையிலும் சொந்தக்காரர்கள் வந்துபோகும் கல்லறைகளைச் சுற்றியும் மட்டும் வெட்டுங்கள், இல்லாவிட்டால் புகார் வரும்.

வெட்டியதை இரண்டு மூன்று நாள் காயவிட்டு, விதை உதிர்ந்ததும் கட்டாயம் வாரி எடுத்துவிடுங்கள். அப்படியே விட்டால் மண் கொழுத்து, முரட்டுப் புல் பூச்செடிகளை அமுக்கிவிடும். வாரியதை ஒரு மூலையில் குவித்தால், காலில்லாப் பல்லியான ஸ்லோ வோர்ம் குடியேற வாய்ப்புண்டு. இலையுதிர்காலத்தில் மண் தெரியும்படி கீறிவிட்டு யெல்லோ ராட்டில் என்ற மஞ்சள் பூச்செடியின் விதையைத் தூவுங்கள். புல்லின் வேரை உறிஞ்சி அதன் திமிரை அடக்கிவிடும்.

கல்லறைக் கற்களைத் தேய்த்துக் கழுவவே வேண்டாம். அந்தச் சாம்பல், ஆரஞ்சுத் திட்டுகள் அழுக்கல்ல, பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன். நம் மசாலாக் கல்பாசிக்குச் சொந்தம்.

அப்புறம், பக்கத்துத் தோப்பில் மரம் வெட்டுவதைக் குளிர்காலத்துக்குத் தள்ளுங்கள். பறவை குடியிருக்கும் கூட்டை வேண்டுமென்றே கலைப்பது 1981ஆம் ஆண்டு வனவிலங்கு, கிராமப்புறச் சட்டப்படி குற்றம்.