92 ஊற்றி மேலே ஓடினேன், அவிசாவளையில் எஞ்சின் போனது

ஏப்ரல் நெருங்கினால் போதும், நுவரெலியாப் பக்கத்துப் பொடியன்கள் காரைக் கழுவித் துடைத்துக்கொண்டு கராஜுக்கு வரத் தொடங்கிவிடுவார்கள். மகாகஸ்தோட்டை, ராதல்லை மலையேற்றப் பந்தயங்களில் ஓடவேண்டும் என்ற ஆசை. ஆசை நல்லதுதான். ஆனால் வருகிறவர்களில் பாதிப்பேர் டேங்கில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்ப்பதே இல்லை. இருபது வருடத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறுகளை அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

பெற்றோல் காருக்கு டீசல் அடிப்பது, காலி டேங்கோடு ரம்பொடை ஏறுவது போன்றவற்றை எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும்.

ஆக்டேன் என்றால் சக்தி என்று நினைப்பது

பெற்றோல் தானாகத் தீப்பற்றாமல் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பதற்கான அளவுதான் ஆக்டேன். பம்பில் 92, 95 என்று எழுதியிருப்பது அந்த எண்தான். சிலிண்டருக்குள் பிளக் பொறி விட்டதும் தீ ஒரு பக்கத்தில் இருந்து பரவவேண்டும். அது போய்ச் சேருவதற்கு முன்பே மூலையில் மிச்சம் இருக்கும் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானாக வெடித்தால் அதுதான் நாக்கிங். தகரப்பேணிக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம் வரும். சாதாரண டொயோட்டா விட்ஸுக்கு 95 ஊற்றினால் காசுதான் போகும். டர்போ (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) உள்ள காருக்கும், கம்ப்ரஷன் கூடிய எஞ்சினுக்கும் அந்த மூன்று ஆக்டேன் உயிர்.

மேலே டியூன் பண்ணி, கீழே ஓட்டுவது

இந்தத் தவறைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. போன மாதமும் ஒரு தம்பி வந்தான். பழைய ஜப்பான் டர்போ கார். "அண்ணே, 92 ஊற்றித்தான் ஓட்டுறேன், டைமிங்கையும் ரெண்டு பாகை கூட்டியிருக்கேன், ஒரு சத்தமும் இல்ல. 95க்கு எதுக்குக் கூடுதல் காசு?" என்றான். டைமிங் என்றால் பிளக் பொறி விடும் நேரம், கூட்டினால் பொறி முன்கூட்டியே வரும். அவன் சொன்னது பொய்யில்லை. நுவரெலியாவில் அந்தக் கார் அருமையாகத்தான் ஓடும்.

காரணம் காற்று. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல் என்றால் இங்கே சுமார் 81தான். காலையில் குளிரும் சேர்ந்துகொள்ளும். டர்போ இல்லாத எஞ்சின் முழு மிதியில்கூட ஐந்தில் ஒரு பங்கு காற்றை இழந்துதான் ஓடுகிறது. உள்ளே அழுத்தம் குறைவு, சூடு குறைவு. அதனால் 92 ஊற்றினாலும் 95 ஊற்றியது மாதிரி நடந்துகொள்ளும்.

டர்போ காரில் இந்த ஏமாற்று இன்னும் மோசம். பழைய கார்களில் பூஸ்டை, அதாவது டர்போ கூடுதலாகத் தள்ளும் அழுத்தத்தை, கட்டுப்படுத்துவது ஒரு ஸ்பிரிங். அது வெளிக்காற்றுக்கு மேலே எவ்வளவு என்றுதான் பார்க்கும். பூஸ்ட் மீற்றரில் 1 பார் (100 கிலோபாஸ்கல்) காட்டினால், நுவரெலியாவில் எஞ்சினுக்குள் போவது 81உம் 100உம் சேர்ந்து 181. கொழும்பில் அதே முள் அதே 1 பாரைக் காட்டும்போது உள்ளே போவது 201. முள் அசையவில்லை, ஆனால் உள்ளே அழுத்தம் பத்து வீதத்துக்கும் அதிகமாகக் கூடுகிறது. அதுவும் பதினைந்து பாகைக் குளிர்காற்று இல்லை, முப்பத்திரண்டு பாகைச் சூட்டுக்காற்று.

டியூன் பண்ணுகிற தம்பிகளுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். ஈ.சி.யூ.வின் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியின்) டைமிங் அட்டவணையைத் திறந்து பாருங்கள். ஒரு பக்கம் எஞ்சின் வேகம், இன்னொரு பக்கம் அழுத்தம். நுவரெலியாவில் எவ்வளவு மிதித்தாலும் அட்டவணையின் கடைசி இரண்டு வரிசைகளுக்கு எஞ்சின் போகவே போகாது. அங்கே இருக்கும் எண்கள் வெறும் ஊகம். கொழும்புக்குப் போகும் வழியில் கீழே இருக்கும் அவிசாவளையைத் தாண்டியதும் எஞ்சின் நேராக அந்த வரிசைகளுக்குள் போய் நிற்கும்.

எனக்கு நடந்தது அதுதான். 1998ஆம் ஆண்டு சுபாரு டபிள்யூ.ஆர்.எக்ஸ்., இரண்டு லீற்றர் டர்போ. அந்தக் கார் ஜப்பானில் ஹை-ஆக்டேன் பெற்றோலுக்குச் செய்யப்பட்டது. ஜப்பான் தரத்தில் அதற்குக் குறைந்தது 96 இருக்கவேண்டும், அங்கே பம்பில் கிடைப்பது பெரும்பாலும் 100க்குப் பக்கம். நான் ஊற்றியது 92. நானே மேப் (ஈ.சி.யூ. அட்டவணை) எழுதினேன், தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில் பத்து நாள் ஓட்டிப் பார்த்தேன், பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். எல்லாம் சுத்தம். ஒரு மத்தியானம் கொழும்புக்குப் புறப்பட்டேன். ஏ7 வீதி, கினிகத்தேனை வளைவுகள், கித்துல்கல வரைக்கும் ஒன்றுமில்லை. இறக்கத்தில் யார் முழுதாக மிதிக்கப் போகிறார்கள்? அவிசாவளையைத் தாண்டி ஒரு லொறியை முந்த மூன்றாம் கியரில் முழுதாக மிதித்தேன். ஐந்து செக்கன் இருக்கும். கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் வீதி நீலப் புகையாக இருந்தது.

ரெக்கவரி லொறியில் ஏற்றி அதே வளைவுகளில் மேலே கொண்டுவந்தேன். கம்ப்ரஷன் பார்த்தால் மூன்று சிலிண்டர் 150 பி.எஸ்.ஐ.க்குப் பக்கம், நான்காவது 80. பிரித்தபோது நான்காவது பிஸ்டனில் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் இடையில் உள்ள விளிம்பு உடைந்து, சுண்டுவிரல் நகம் அளவு ஒரு துண்டு கையோடு வந்தது. உடைந்த முகம் சாம்பல் நிறத்தில், சீனி மாதிரி மினுமினுத்தது. அந்தத் துண்டு இன்னும் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. 92 போதும் என்று யார் வந்து சொன்னாலும் முதலில் அதைத்தான் கையில் கொடுப்பேன்.

புதிய கார்களில் ஈ.சி.யூ. மொத்த அழுத்தத்தைப் பார்த்து டர்போவைக் கட்டுப்படுத்தும். அங்கே "மலைக்கு 92 போதும்" என்ற கணக்கு மேலேயே பொய்யாகிவிடும். மெல்லிய காற்றிலும் அதே அழுத்தத்தைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழலவேண்டும், காற்றும் இன்னும் சூடாகும். நாக் சென்சர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அது டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துக் காப்பாற்றப் பார்க்கும். அதை ஒவ்வொரு மிதியிலும் வேலை வாங்கினால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சக்தியும் போகும், ஒருநாள் அதற்கும் கைமீறும்.

டர்போ காருக்கு மேலேயும் 95தான். மேப்பின் மேல் வரிசைகளைக் கீழ்நாட்டுச் சூட்டில் வைத்துத்தான் முடிக்கவேண்டும். அது முடியாவிட்டால் அந்த வரிசைகளில் டைமிங்கை நன்றாகக் குறைத்து விட்டுவிடுங்கள்.

அமெரிக்க எண்ணை அப்படியே எடுப்பது

அவர்களுடைய பம்பில் உள்ள 91 நம்முடைய கணக்கில் 95க்கும் 96க்கும் இடையில் வரும், 93 என்றால் சுமார் 98. அளக்கும் முறை வேறு. "91க்கு எழுதிய மேப்" என்று இறக்கி, 92 ஊற்றி ஓட்டாதீர்கள்.

ஆக்டேன் பூஸ்டர் போத்தல்

"30 புள்ளி கூடும்" என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது 3 ஆக்டேன், போத்தல்காரர் கணக்கில் ஒரு புள்ளி என்பது ஆக்டேனில் பத்தில் ஒரு பங்குதான். வாங்காதீர்கள்.

எத்தனாலைச் சும்மா ஊற்றுவது

தமிழ்நாட்டு வீடியோக்களில் ஈ20, ஈ20 (20 வீதம் எத்தனால் கலந்த பெற்றோல்) என்று பேசுவதைப் பார்த்துவிட்டு, எங்கிருந்தோ ஸ்பிரிட் வாங்கிவந்து டேங்கில் கலக்கிறார்கள். எத்தனால் மோசமான எரிபொருள் இல்லை. அதன் ஆக்டேன் 108க்குப் பக்கம், ஆவியாகும்போது உள்ளே போகும் காற்றையும் நன்றாகக் குளிரவைக்கும். அதற்கென்று கட்டிய காரில் அது பொன். ஆனால் ஒரு கிலோ பெற்றோலுக்கு 14.7 கிலோ காற்று தேவை என்றால் எத்தனாலுக்கு 9தான். அதாவது அதே காற்றுக்கு அதிக எரிபொருள் ஊற்றவேண்டும். ஈ85 (85 வீதம் எத்தனால்) என்றால் அளவில் சுமார் 40 வீதம் கூடுதல். இன்ஜெக்டரும் பம்பும் மேப்பும் மாறாமல் எத்தனாலை மட்டும் கலந்தால், முழு மிதியில் கலவை மெலிந்து, ஆக்டேன் கூடியும் பிஸ்டன் கருகும்.

நம் மலைக்கு இன்னும் இரண்டு சிக்கல். கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் சுமார் 5 வீதம் தண்ணீர் இருக்கும், சாதாரண வடிப்பில் அதைப் பிரிக்க முடியாது. கீழே சூட்டில் கலந்து தெளிவாக இருந்த டேங்க், இரவு நுவரெலியாக் குளிரில் நின்றால் இரண்டாகப் பிரியும். தண்ணீரும் எத்தனாலும் அடியில் இறங்கும். பம்ப் உறிஞ்சுவது அடியில் இருந்துதான். மேலே மிஞ்சும் பெற்றோலின் ஆக்டேனும் இறங்கிவிடும். அடுத்தது, தூய எத்தனாலின் ஆவி சுமார் 13 பாகைக்குக் கீழே தீப்பற்றப் போதாது. ஜனவரியில் புல்லில் பனி உறைந்திருக்கும் காலையில் ஈ85 கார் எவ்வளவு நேரம் கிராங்க் அடிக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எத்தனால் கலந்திருக்கிறதா என்று பார்க்காதது

கேனில் வாங்கிய பெற்றோல், யாரோ கொடுத்த பெற்றோல் என்றால் நான் அளந்து பார்க்காமல் ஊற்றுவதில்லை. 100 மில்லிலீற்றர் கண்ணாடி அளவுக் குழாயில் 10 வரைக்கும் தண்ணீர், மேலே 100 வரைக்கும் பெற்றோல். மூடிக் குலுக்கி, மூடியை மெல்லத் திறந்து ஆவியை விட்டு, பத்து நிமிடம் வையுங்கள். அடியில் உள்ள கோடு 10இலேயே நின்றால் எத்தனால் இல்லை. 19க்கு ஏறியிருந்தால் 90இல் 9, பத்து வீதம். நெருப்பும் பீடியும் பக்கத்தில் இருக்கக்கூடாது.

அந்தத் தம்பியின் டேங்கிலும் இப்படித்தான் பார்த்தோம். கோடு 10ஐ விட்டு நகரவில்லை, வெறும் 92தான். அதை இறக்கிவிட்டு 95 நிரப்பி, கூட்டிய இரண்டு பாகையையும் திருப்பி எடுத்தாயிற்று. வருகிற ஞாயிறு லாப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு அவனோடு அவிசாவளைக்கு இறங்குகிறேன்.